யாருடைய திரையில் யாருடைய போராட்டம்?

2022 ஜூலை 14 ஆம் திகதி, மாலைதீவு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த கோட்டாபய ராஜபக்ச, அங்கிருந்து மின்னஞ்சலில் தன் பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். 69 இலட்சம் வாக்குகளோடு ஆட்சிக்கு வந்த ஒரு ஜனாதிபதி மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாமல் அப்படி வெளியேற நேர்ந்ததற்கு முகநூலும் வட்ஸ்அப்பும்தான் காரணம் என்று அன்றிலிருந்து பலரும் சொல்லி வருகிறார்கள். அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வவுனியாவில் பிறந்து வளர்ந்து, கொழும்பில் வேலை செய்து வாழ்கிற ஒரு தமிழ்ப் பெண்ணாக, அந்தக் கதையில் பெரிய பகுதியொன்று விடுபட்டுப்போவதை ஒவ்வொரு முறையும் உணர்கிறேன். சமூக ஊடகம் மக்களைத் திரட்ட வல்லது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்த மக்களை, எந்த மொழியில், எவருடைய துயரத்தின் பேரில் அது திரட்டுகிறது என்பதைத்தான் நாம் போதிய அளவு கேட்கவில்லை.

அந்தக் கதையில் உள்ள உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை கமக்காரரின் வயிற்றில் அடித்தது. டொலர் கையிருப்பு வற்றியதும் எரிவாயு, பெற்றோல், பால்மா, மருந்து என்று ஒவ்வொன்றாகக் கிடைக்காமற் போயின. 2022 மார்ச்சில் கொழும்பில் எந்தச் சந்தியில் திரும்பினாலும் வரிசைதான். மண்ணெண்ணெய்க் கலன்களைக் கயிற்றில் கோத்து வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் ஒதுங்க, கலன்களே வரிசையில் நின்றன. வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகளும் வந்தன. அந்த மாதத்தில்தான் கொகுவளைச் சந்தியில் மாலை வேளைகளில் சிலர் மெழுகுதிரியோடும் கையால் எழுதிய மட்டைகளோடும் நிற்கத் தொடங்கினார்கள். கட்சிக் கொடி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, மேடைப் பேச்சாளர் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், பிள்ளையைக் கையில் பிடித்த தாய்மார், ஓய்வூதியம் பெறும் முதியவர்கள்.

அந்தப் படங்கள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியபோது நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். என்னோடு வேலை செய்த சிங்களத் தோழி ஒருவர், 2019 இல் கோட்டாபயவுக்கு மனமார வாக்களித்தவர், மதிய உணவு நேரத்தில் அந்தப் படமொன்றை இரண்டு விரல்களால் பெரிதாக்கி, மட்டையில் எழுதியிருந்ததை விட்டுவிட்டு, நின்றவர்களின் முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருத்தி அலுவலக உடையில், தோளில் பையோடு, செருப்பைக் கழற்றிக் கால் ஆறவிட்டபடி நின்றாள். "இவர்கள் அரசியல்காரர்கள் இல்லையே, எங்களைப் போன்றவர்கள்தானே" என்றார் தோழி. இரண்டு வாரம் கழித்து அவர் தன் வீட்டுக்கு அருகிலிருந்த சந்தியில் நின்றார்.

ராஜபக்சக்களின் முந்தைய ஆட்சியைக் கண்டவர்களுக்குப் பயம் என்றால் என்ன என்று தெரியும். 2009 சனவரியில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு சனவரியில் ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டால் சிங்கள வீடுகளிலும் பேச்சு நின்றது. அப்படிப்பட்ட பயம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்து வைத்திருக்கும். தான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனோ என்ற ஐயத்தில்தான் அது உயிர்வாழும். தன்னைப் போன்ற ஒருவர் வெளிப்படையாக நிற்கும் படத்தை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மாலையில் பார்க்கும்போது அந்த ஐயம் உடைகிறது. சமூக ஊடகம் செய்த மிகப் பெரிய வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன். செய்தியைப் பரப்பியதையும் நேரத்தையும் இடத்தையும் அறிவித்ததையும் அதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

மார்ச் 31 ஆம் திகதி 13 மணிநேர மின்வெட்டு. அன்றிரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் சொந்த வீட்டுக்குப் போகும் பங்கிரிவத்தை வீதியில் மக்கள் திரண்டார்கள். முகநூலில் வந்த அழைப்பு ஒரு தொடக்கம்தான்; கூட்டம் பெருகியது நேரலையைப் பார்த்து. இருட்டில் இருந்த வீடுகளில், மின்கலத்தில் மிஞ்சியிருந்த சொற்பத்தையும் அந்த நேரலைக்கே செலவழித்துக்கொண்டு இருந்தோம். கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி, எரிந்த பேருந்து எல்லாவற்றையும் நாடு அப்போதே பார்த்தது. கைதானவர்களுக்காக மறுநாள் பெருந்தொகையான சட்டத்தரணிகள் கட்டணமின்றி நீதிமன்றத்துக்கு வந்தார்கள். ஏப்ரல் முதலாம் திகதி இரவு அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தும் வர்த்தமானி வெளியானது. கோட்டாபயவுக்கு எதிரான முகநூல் பக்கமொன்றை நடத்தினார் என்று ஓர் இளைஞரை முகத்துவாரம் பொலிஸார் கைதுசெய்தார்கள். இரண்டாம் திகதி மாலை ஊரடங்கு. மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு கடந்ததும், முகநூல், வட்ஸ்அப், டுவிட்டர், யூடியூப், இன்ஸ்டகிராம், டிக்டொக் எல்லாம் முடக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு செய்த வேலை அது.

அன்று காலை வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நடந்ததை நான் மறக்கமாட்டேன். கீழ்வீட்டு அன்ரி, எழுபதைத் தாண்டியவர், கனடாவிலிருக்கும் மகனோடு வட்ஸ்அப்பில் கதைப்பதற்காக மட்டுமே கைப்பேசி வைத்திருப்பவர், அதைக் கையில் ஏந்தியபடி மேலேறி வந்து, "பிள்ளை, இந்த வீபிஎன் எண்டுறதை எனக்கும் ஒருக்கால் போட்டுத் தாரும்" என்றார். தடையைச் சுற்றிப்போக உதவும் அந்தச் செயலியை நான் போட்டுக் கொடுத்தேன். தொடர்பு கிடைத்ததும் அவர் முதலில் திறந்தது மகனின் இலக்கத்தை இல்லை; முந்தின இரவு எங்கெங்கே மக்கள் கூடினார்கள் என்று யாரோ அனுப்பியிருந்த காணொலியைத்தான். அதுவரை அரசியல் பேசி நான் கேட்டிராத அந்த மனிதருக்கு, தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்பதே போதுமான அரசியலாகிவிட்டது.

பாதுகாப்பு அமைச்சுக்கு அப்படிப் பணிக்க அதிகாரமில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சொன்னது. ஜனாதிபதியின் அண்ணன் மகனும் அமைச்சருமான நாமல் ராஜபக்சவே வீபிஎன் வழியாக டுவிட்டருக்கு வந்து, இப்படிப்பட்ட தடைகளால் பயனில்லை என்று எழுதினார். அன்று பிற்பகலே தடை நீங்கியது. இரவு அமைச்சரவை கூண்டோடு பதவி விலக முன்வந்தது. ஊரடங்கு நேரத்திலேயே மக்கள் தத்தம் தெருமுனைகளில் நின்றார்கள்; பேராதனையில் மாணவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. மூடிய வாயில் ஒவ்வொன்றும் அதன் மறுபுறம் என்ன இருக்கிறது என்ற ஆவலைத்தான் பெருக்கியது.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க வேண்டும். அந்த ஏப்ரல் தடையைக் கண்டித்தவர்களில் பலர், நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த தடையை ஏற்றுக்கொண்டவர்கள். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்ற வதந்தி முகநூலில் பரவியது. அங்கே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். மார்ச் முதல் வாரத்தில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததையடுத்து, திகனைக்கு ஆட்களைக் கூப்பிடும் காணொலிகள் சிங்களத்தில் சுற்றின. கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிர்களும் போயின. அரசாங்கம் ஏறத்தாழ ஒரு வாரம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், மே மாதம் சிலாபத்திலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோதும் அதையே செய்தது.

திகனையில் நடந்ததைப் பின்னால் படித்தபோது எனக்கு மிகவும் உறைத்தது ஒன்றுதான். வெறுப்பைப் பரப்பிய பதிவுகளைப் பற்றி அந்த வன்முறைக்கு முன்னரே சிவில் சமூக அமைப்புகள் முகநூல் நிறுவனத்திடம் முறையிட்டிருந்தன. சிங்களத்தில் எழுதப்பட்டதைப் படித்துப் புரிந்து நீக்கக்கூடிய ஆட்கள் அந்த நிறுவனத்தில் அப்போது மிகக் குறைவு. உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று, ஒரு நாட்டு மக்களின் பேச்சு முழுவதையும் தன் மேடைக்கு இழுத்துக்கொண்டு, அந்தப் பேச்சின் மொழியைப் படிக்க ஆள் வைக்கவில்லை. 2020 மே மாதம், தான் அமர்த்திய சுயாதீன ஆய்வு வெளியானபோது, நடந்த மனித உரிமைப் பாதிப்புகளுக்காக அது மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைக்காரருக்கு அந்த மன்னிப்பு என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதக் காரணம், திகனையும், 2022 இல் போராட்டக்காரர் கூடிய கொழும்பின் காலிமுகத்திடலும் வெவ்வேறு கருவிகளால் ஆனவை அல்ல என்பது. தன்னைப் போன்றவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று ஒரு மனிதருக்குக் காட்டி அவரை வீதிக்கு இறக்கும் அதே வேலைதான் இரண்டு இடத்திலும் நடந்தது. ஓரிடத்தில் அவர்கள் ஜனாதிபதியின் வாசலுக்குப் போனார்கள். மற்ற இடத்தில் அயலவரின் வாசலுக்குப் போனார்கள். எந்த வாசலுக்குப் போவது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதற்கு முன்னரே பல ஆண்டுகளாக யார் எதைச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. முடக்கம் இரண்டு தடவையும் தவறு என்றே நான் கருதுகிறேன்: 2018 இல் அது வீடுகள் எரிந்த பிறகு வந்தது, 2022 இல் அது பெரும்பாலும் அமைதியாக நடந்த ஒரு போராட்டத்தை அடக்க வந்தது.

ஏப்ரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடியவர்கள் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. கோட்டா கோ கம என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கூடார ஊர் மூன்று மாதங்களுக்கு மேல் நின்றது. ஊடகங்கள் அதைக் கைப்பேசித் தலைமுறையின் போராட்டம் என்றன. நான் அங்கே போனபோதெல்லாம் கண்டது வேறு. மழையில் சேறாகிய புல்வெளியில் பலகை பரப்புகிறவர்கள், நடமாடும் கழிப்பறைகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள், பெரிய சட்டிகளில் சோறும் பருப்பும் ஆக்குகிறவர்கள், நூலகக் கூடாரத்தில் நன்கொடையாக வந்த புத்தகங்களை மொழிவாரியாக அடுக்குகிறவர்கள், சட்ட உதவி மேசையில் பெயர்களை எழுதிக்கொள்கிறவர்கள். தண்ணீர்ப் போத்தல் வேண்டும் என்று முகநூலில் கேட்டால் ஒரு மணிநேரத்தில் வந்து குவிந்தது உண்மை. அதை இறக்கி, நிழலில் வைத்து, எவருக்கும் இரண்டு போகாமல் பங்கிட ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அவர்கள் இரவுபகலாக அங்கே இருந்தார்கள்.

அதற்கும் பின்னால் இன்னொரு அடுக்கு இருந்தது. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் பல்லாண்டுகளாக ஊர்வலம் நடத்திப் பழகிய அமைப்பு. எங்கே வீதித்தடை போடுவார்கள், கண்ணீர்ப்புகைக்கு என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த பாடம். தொழிற்சங்கங்கள் ஏப்ரல் 28 ஆம் திகதி ஒருநாள் வேலைநிறுத்தமும் மே 6 ஆம் திகதி ஹர்த்தாலும் நடத்தி நாட்டையே நிறுத்திக் காட்டின. மே 9 ஆம் திகதி அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட, அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்சவின் ஆதரவாளர்கள் காலிமுகத்திடலைத் தாக்கியபோது, வேலையை விட்டு முதலில் ஓடிவந்தவர்களில் அரச வைத்தியசாலை ஊழியர்களும் இருந்தார்கள். அன்று மகிந்த பதவி விலகினார்; அன்று பிற்பகலும் இரவும் நிகழ்ந்த பழிவாங்கல்களில் நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார்; ஆளுங்கட்சியினரின் வீடுகள் பல எரிக்கப்பட்டன. அந்த இரவில் வீட்டு முகவரிகளும் கைப்பேசிகளில்தான் சுற்றின. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

இப்போது வடக்குக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் தெற்கிலிருந்த நண்பர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "யாழ்ப்பாணம் ஏன் அமைதியாக இருக்கிறது?" அவர்கள் குற்றமாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னைக் காயப்படுத்தியது. வடக்கு அமைதியாக இருக்கவில்லை. போரின் இறுதியில் படையினரிடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் உட்கார்ந்தார்கள். நான்கு நாள் கழித்து வவுனியாவில் உட்கார்ந்தார்கள். காலிமுகத்திடலில் முதற் கூடாரம் எழுந்தபோது அவர்களுடைய போராட்டம் ஐந்து ஆண்டுகளைக் கடந்திருந்தது. பதில் கிடைக்காமலேயே நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர் இறந்துபோனார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அவர்களுடைய வீதியோரக் கொட்டகையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரைக்குக் கீழ் கயிறு கட்டி வரிசையாகப் படங்கள். வெயிலில் நிறம் வெளிறாமலிருக்க நெகிழி உறையிட்டிருந்தார்கள். ஓர் அம்மாவின் பேரன், கண்ணாடி வெடித்த கைப்பேசியை ஒரு பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் சாய்த்து வைத்து முகநூலில் நேரலை விட்டுக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்து, "உதில எத்தினை பேர் பாக்கினம் பிள்ளை?" என்று கேட்டார். திரையில் நாற்பது என்று காட்டியது. ஆர் ஆர் என்று கேட்டார். பெயர்களையும் ஊர்களையும் வாசித்தேன்: ரொறன்ரோ, இலண்டன், பரிஸ், சூரிச். அவர் தலையை ஆட்டினார். "அவையள் எங்கட ஆக்கள். அவையளுக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்கு எப்பிடிக் காட்டுறது?"

சமூக ஊடகத்தையும் அரசியல் மாற்றத்தையும் பற்றி நான் படித்த எதுவும் அந்தக் கேள்வியைவிடத் துல்லியமாக இல்லை. தாய்மாரிடமும் கைப்பேசி இருந்தது, நேரலை இருந்தது, இணையம் இருந்தது. அவர்களுக்கு இல்லாமலிருந்தது கொழும்பின் கண். முகநூல் நமக்குக் காட்டுவது நம் நண்பர்கள் விரும்புவதையும் நாம் படிக்கிற மொழியில் உள்ளதையும்தான். இந்தத் தீவில் மொழி வெறும் மொழியில்லை. எவரோடு பள்ளிக்குப் போனோம், எந்தத் தொலைக்காட்சி பார்த்தோம், போரில் எந்தப் பக்கத்துச் சவப்பெட்டியை எண்ணினோம் என்பதெல்லாம் அதில் அடங்கும். என் தோழியின் திரையிலும் என் திரையிலும், ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருந்தபோதும், வெவ்வேறு நாடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகளில் அந்தத் தாய்மாரின் ஒரு படம்கூட அவருக்கு வந்ததில்லை. நான் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இது ஏன் எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று கேட்டார். சொல்லப்பட்டுக்கொண்டேதான் இருந்தது, தமிழில்.

வடக்கிலும் கிழக்கிலும் போராட்டங்கள் வெல்லவே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2017 சனவரி இறுதியில் கேப்பாப்பிலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள், விமானப்படை பிடித்து வைத்திருந்த தம் காணிகளுக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பாடம் படித்தார்கள். மார்ச் முதலாம் திகதி அந்தக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை கிழக்கில் பொத்துவிலிலிருந்து வடக்கில் பொலிகண்டிவரை ஒரு பேரணி நடந்தது. நீதிமன்றத் தடைகளையும் வீதியில் போட்ட ஆணிகளையும் தாண்டி, ஊர் ஊராக அது பெருகியதை நாங்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த ஊரில் காத்திருந்தவர்கள் எப்போது வாசலுக்கு வரவேண்டும் என்பதை அந்த நேரலையைப் பார்த்தே அறிந்தார்கள். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை வலிந்து எரிப்பதற்கு எதிரான கோரிக்கையும் அந்தப் பேரணியில் இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த அரிய நாட்கள் அவை.

அந்த எரிப்பு விவகாரத்தில்தான் மொழி எல்லை தாண்டியதை முதன்முதலாகக் கண்டேன். 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் இரும்புக் கதவில் யாரோ வெள்ளைத் துணியொன்றைக் கட்டினார்கள். அந்தப் படம் பரவியது. மறுநாட்களில் சிங்களவர்களும் கிறிஸ்தவர்களும் தமிழர்களும் வந்து கட்டினார்கள். கட்டியவற்றை இரவோடிரவாக அகற்றினார்கள். மக்கள் தம் வீட்டு வாசல்களில் கட்டத் தொடங்கினார்கள். அந்த வெள்ளைத் துணிக்கு வாசிக்க வேண்டிய எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. மூன்று மொழிக்காரரும் பார்த்த உடனே புரிந்துகொண்டார்கள். அடுத்த பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது; சர்வதேச அழுத்தம் அதில் பெரும் பங்கு வகித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காலிமுகத்திடலில் அந்த எல்லையைத் தாண்ட உழைத்தவர்கள் இருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த இளைஞர்கள் பதாகைகளைத் தமிழில் திருப்பி எழுதினார்கள். தமிழில் தேசிய கீதம் பாடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிக் கூடாரங்களில் பேச்சுகள் நடந்தன. மே 18 ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காகக் கடலோரத்தில் விளக்கேற்றி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அந்த நாளைத் தென்னிலங்கை வெற்றி விழாவாகக் கொண்டாடியிருக்கிறது. வடக்கில் விளக்கேற்றியவர்கள் பின்தொடரப்பட்டிருக்கிறார்கள். ஜனாதிபதி செயலகத்துக்கு எதிரே, சிங்களத் துறவியொருவரும் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடிப்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்தப் படங்களுக்குக் கீழே சிங்களத்தில் வந்த வசைகளையும் நான் படித்தேன். புலிகளை நினைவுகூர்கிறார்கள் என்று போராட்டத்தையே கைவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனாலும் அந்த விளக்கை ஏற்றியது எந்தத் திரையும் இல்லை. வாரக்கணக்கில் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒருவர் மற்றவரிடம் கேள்வி கேட்கத் துணிந்த மனிதர்கள்தான் அதை ஏற்றினார்கள்.

ஜூலை 9 ஆம் திகதி மக்கள் ரயில்களிலும் லொறிகளிலும் கால்நடையாகவும் கொழும்புக்கு வந்து ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். நீச்சல் தடாகத்தில் குதித்தவர்களின் காணொலி உலகம் முழுவதும் ஓடியது. ஜூலை 20 ஆம் திகதி பாராளுமன்றத்தில் 134 வாக்குகளோடு ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். ஜூலை 22 ஆம் திகதி அதிகாலை, இராணுவமும் பொலிஸும் கூடாரங்களைப் பிடுங்கின. ஆகஸ்ட் மாதம் மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டார். ஐந்து மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார். 1979 இல் வந்த அந்தச் சட்டத்தை எங்கள் ஊர்களில் அறியாத குடும்பம் இல்லை. தெற்கின் திரைகளில் அந்தச் சட்டத்தின் பெயரை, அதை நீக்கக் கோரும் குரலோடு, நான் கண்டது அப்போதுதான்.

அடுத்து வந்தது நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2024 சனவரி 24 ஆம் திகதி 108 இற்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இணையத்தில் எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் அது கொடுத்தது. ஒரு நாள் முடக்கம் பயன்படவில்லை என்பதைக் கற்றுக்கொண்ட ஆட்சியாளர்கள், எழுதுகிறவரே அழித்துவிட்டு அடங்கும் வழியைத் தேடினார்கள் என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன். அதே ஆண்டு செப்டெம்பரில், 2019 இல் 3 சதவீதத்தை ஒட்டிய வாக்குகளே பெற்றிருந்த அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பர்த் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்றைப் பிடித்தது. தெற்கின் கட்சியொன்றுக்கு யாழ்ப்பாணம் அப்படி வாக்களித்ததைக் கண்டு, 2022 இல் திறந்த கதவு இன்னும் மூடவில்லை என்று நானும் மகிழ்ந்தேன்.

அதே நவம்பர் மாதத்தில், போரில் இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளையொட்டி முகநூலில் இட்ட பதிவுகளுக்காக ஆட்கள் கைதுசெய்யப்பட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் மறுபடியும் எடுக்கப்பட்டது. கைதானவர்களில் சிலரின் பதிவுகள் தவறான தகவல்கள் என்று பொலிஸார் சொன்னார்கள். தவறான தகவலுக்குப் பயங்கரவாதச் சட்டம் எதற்கு என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்லவில்லை. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்துவோம் என்று இந்த அரசாங்கம் வாக்களித்திருக்கிறது. அந்தத் திருத்தத்துக்காகக் கொழும்பில் குரல் கொடுக்கும் நண்பர்களோடு நானும் நிற்கிறேன், கூட்டங்களுக்குப் போகிறேன், மனுக்களில் கையெழுத்திடுகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் எழுந்து கேட்பது ஒன்றுதான்: முகநூலில் ஒரு விளக்கின் படத்தைப் போட்டதற்காகக் கிளிநொச்சியில் ஓர் இளைஞரைக் கொண்டுபோக முடியுமாயிருக்கும்வரை, நாம் இங்கே திருத்துகிற சட்டம் யாருடைய பயத்தை நீக்கும்?